வீட்டுக்குள் வைக்கும் சக்யூலென்ட்டுக்கு எந்த மண்? தொட்டி அடியில் கல் போடலாமா, வேண்டாமா?

ஜன்னலோரச்செடி

வணக்கம். நர்சரித் தொட்டியிலேயே இருக்கும் ஓர் எச்செவேரியா, ஒரு ஹவோர்தியா, ஒரு ஜேட் செடி, இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் இந்த மூன்று சக்யூலென்ட்டையும் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். மூன்றும் வீட்டுக்குள்தான் இருக்கப்போகின்றன. காலையில் கொஞ்ச நேரம் வெயில் விழும் ஜன்னல், அப்புறம் நாள் முழுக்க வெறும் வெளிச்சம்தான். மாற்றுவதற்கு முன் நாலு இடத்தில் படித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் நாலும் நாலு விதமாகச் சொல்கின்றன. அடியில் இரண்டு அங்குலம் கூழாங்கல் போட்டால்தான் தண்ணீர் வடியும் என்கிறார் ஒருவர், கல்லே கூடாது என்கிறார் இன்னொருவர். தோட்டத்து மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி போதும் என்று ஒரு வீடியோ, கோகோபீட்டை, அதாவது தேங்காய் நார்த்தூளை, தொடவே தொடாதே என்று அடுத்த வீடியோ.

கையில் இருப்பவை: ஒரு கட்டி கோகோபீட், ஒரு பை பெர்லைட், மண்புழு உரம், கொஞ்சம் மணல். தொட்டிகள் மெருகு பூசிய பீங்கான். பார்க்க நன்றாக இருக்கின்றன, ஆனால் இரண்டில் அடியில் ஓட்டை இல்லை. என்ன கலவை, என்ன அளவு, கல் போடுவதா இல்லையா? காரணத்தோடு யாராவது சொன்னால் நல்லது. "எனக்கு வந்தது, உனக்கும் வரும்" வகைப் பதில்கள் ஏற்கெனவே நிறைய கிடைத்துவிட்டன.

சரளைமண்

கல் போடாதீர்கள். காரணம் கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச் ஒன்றைத் தண்ணீரில் நன்றாக முக்கி, படுக்கை வாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டுவது நிற்கும்வரை ஆட்டாமல் காத்திருங்கள். நின்ற பிறகு அதையே செங்குத்தாகத் திருப்பிப் பிடியுங்கள், மறுபடியும் தண்ணீர் வடியும். பிழியவில்லை, அழுத்தவில்லை, உயரம் கூடியது, அவ்வளவுதான். அதுவும் நின்ற பிறகு தொட்டுப் பார்த்தால் மேல்பகுதி வெறும் ஈரமாகவும் அடிப்பகுதி சொதசொதவென்றும் இருக்கும். தொட்டிக்குள் மண்ணிலும் இதேதான் நடக்கிறது. புவியீர்ப்பு தண்ணீரைக் கீழே இழுக்கிறது, நுண்புழை ஏற்றம் என்று பள்ளியில் படித்தோமே, அது தண்ணீரைத் துகள்களுக்கு நடுவே பிடித்து வைக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்துக்குக் கீழே, ஓட்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு பட்டை அளவுக்கு மண் நிறைந்த ஈரத்தோடு நின்றுவிடும். அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் துகள் அளவு. பொடி மண்ணில் உயரம் அதிகம், பருமனான துகளில் குறைவு.

இப்போது அடியில் கல்லைப் போட்டால் என்ன ஆகும்? பொடி மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள கல் அடுக்குக்குத் தண்ணீர் லேசில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நிறைந்து வழிகிற நிலை வந்த பிறகுதான் இறங்கும். ஆக அந்த ஈரப்பட்டை கல்லுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. 10 செ.மீ. தொட்டியில் ஈரப்பட்டை 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், கல் இல்லாவிட்டால் மேலே 6 செ.மீ. காற்றோட்டமான மண் இருக்கும். 3 செ.மீ. கல் போட்டீர்கள் என்றால் அந்த 6 வெறும் 3 ஆகிவிடும். வேர் இருப்பதும் அங்கேதான். வடியட்டும் என்று போட்ட கல் ஈரத்தை வேர்ப்பக்கம் தூக்கிக் கொடுத்ததுதான் மிச்சம்.

ஓட்டை வழியாக மண் கொட்டாமல் இருக்க ஒரு துண்டு வலையோ காபி ஃபில்டர் தாளோ போதும். கலவை மேலிருந்து அடி வரை ஒரே மாதிரி இருக்கட்டும்.

முள்தோப்பு

மேலே சொன்னது சரி. ஆனால் நான் வருடக்கணக்காக அடியில் உடைந்த ஓடு போட்டுத்தான் வைக்கிறேன், ஒரு செடியும் அழுகியது இல்லையே. தியரி பேசுவது சுலபம் நண்பரே.

சரளைமண்

முள்தோப்பு, உங்கள் செடிகள் எங்கே இருக்கின்றன, எந்தத் தொட்டியில் என்று சொல்லுங்கள். சுட்ட மண்தொட்டி, திறந்த வெளிச்சம், பருமனான கலவை என்றால் அடியில் ஓடு போட்டாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் தேங்குகிற தண்ணீரே குறைவு, அதுவும் தொட்டிச் சுவர் வழியாகச் சீக்கிரம் காய்ந்துவிடும். ஓட்டால் பிழைத்ததா, ஓட்டையும் மீறிப் பிழைத்ததா என்பதுதான் கேள்வி.

முள்தோப்பு

மண்தொட்டிதான். பால்கனி. கலவையில் முக்கால்வாசி செங்கல் ஜல்லி. சரி, புரிகிறது :)

வேர்க்கால்

கல் விஷயம் முடிந்தது, கலவைக்கு வருவோம். அதற்கு முன் ஒன்று, வீட்டுக்குள் என்பதைக் கேள்வி கேட்டவர் தலைப்பிலேயே போட்டிருக்கிறார், பதில் சொல்கிறவர்கள் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வெளியே வெயிலும் காற்றும் மண்ணைக் காயவைக்கும். ஜன்னலிலிருந்து நாலு அடி உள்ளே தள்ளினாலே வெளிச்சம் பாதாளத்துக்குப் போய்விடும், நம் கண் அதைச் சரிக்கட்டிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. போதாக்குறைக்கு இந்தச் செடிகளில் பெரும்பாலானவை பகலில் இலைத்துளைகளை மூடி வைத்து ராத்திரியில் திறப்பவை. மற்ற செடிகளைப் போல மளமளவென்று தண்ணீரை உறிஞ்சி வெளியே விடாது. ஆக மண்ணைக் காயவைக்க வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, செடியும் பெரிதாக உதவாது. அந்தக் குறையை மண்கலவைதான் ஈடுகட்ட வேண்டும். ஒருவருடைய மொட்டை மாடியில் அருமையாக வரும் கலவை உங்கள் ஜன்னலோரத்தில் வேரை அழுகவைப்பது இதனால்தான்.

உங்களிடம் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பெர்லைட்: எரிமலைக் கண்ணாடிப் பாறையை 850–900 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கி உப்பவைத்தது. நல்ல பொருள். பையைத் திறந்ததும் தண்ணீர் தெளித்துவிடுங்கள், அதன் தூசி மூச்சில் ஏறினால் தொண்டை கரகரக்கும். ஒரே குறை, எடை இல்லாததால் ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் மேலே மிதந்து வரும். பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல் கிடைத்தால் அது இதைவிட மேல், கனம் உண்டு, இடத்தை விட்டு நகராது.

மணல்: இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மணல் போட்டால் வடியும் என்பது பாதி உண்மை. நைசான மணல் என்றால் மண்துகள்களுக்கு இடையே இருக்கும் கொஞ்சநஞ்ச சந்துகளையும் அடைத்துவிடும், களிப்பான தோட்டத்து மண்ணோடு சேர்ந்தால் இறுகிப் பாறையாகிவிடும். கைநிறைய எடுத்துத் தண்ணீரில் அலசிப் பாருங்கள், அரிசி அளவுக்காவது துகள் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஓரமாக வையுங்கள். கடல் மணல் பக்கமே போகாதீர்கள், உப்பு.

கோகோபீட்: தொடவே கூடாது என்பதெல்லாம் மிகை. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதனால் கலவையில் அதன் பங்கு குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சரியாகக் கழுவாத கட்டியில் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) என்றால் வேறு தொல்லை, அது முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளேயே விடாது, ஊற்றியது எல்லாம் தொட்டி ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும், நடுவில் வேர் வறண்டே கிடக்கும். கோகோபீட் அந்த விஷயத்தில் பரவாயில்லை, மறுபடி ஈரமாகிவிடும்.

மண்புழு உரம்: ஒரு கைப்பிடி. அதற்கு மேல் வேண்டாம், நைசாக இருப்பதால் அதுவும் ஈரம் பிடிக்கும்.

தோட்டத்து மண்: வீட்டுக்குள் தொட்டிக்கு வேண்டாம். தரையில் மண்புழுவும் வேர்களும் அதைக் கிளறிக்கொண்டே இருக்கின்றன, தொட்டியில் அது நடக்காது, தண்ணீர் ஊற்ற ஊற்ற இறுகும்.

வெர்மிகுலைட் இருக்கிறதா என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், பெயர் பெர்லைட் மாதிரி ஒலித்தாலும் வேலை நேர் எதிர். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். விதை முளைக்கப் போட நல்லது, இங்கே வேண்டாம்.

அளவு என்று கேட்டால், ஜன்னலோர எச்செவேரியாவுக்கும் ஜேடுக்கும் மூன்றில் இரண்டு பங்கு கல்வகை (பெர்லைட், பியூமிஸ், சலித்த செங்கல் துண்டு, எது கிடைக்கிறதோ அது), ஒரு பங்கு கோகோபீட்டும் உரமும். ஹவோர்தியா கொஞ்சம் நிழல், கொஞ்சம் ஈரம் தாங்கும், பாதிக்குப் பாதி வைத்தாலும் கோபித்துக்கொள்ளாது. லித்தாப்ஸ் (கூழாங்கல் மாதிரியே இருக்கும் சக்யூலென்ட்) வாங்கினால் 80–90 சதவீதம் கல்வகையாகவே இருக்கட்டும்.

சரளைமண்

வேர்க்கால் அக்கா விகிதம் சொல்லிவிட்டார், நான் சல்லடை பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் விகிதத்தைவிட அதுதான் பெரிய வித்தியாசம் செய்யும். 3 முதல் 6 மி.மீ. வரை உள்ள துகள்தான் நமக்கு வேண்டியது. செங்கல்லை உடைத்தாலும் சரி, கடையில் வாங்கிய பெர்லைட் ஆனாலும் சரி, சமையலறையில் ஓரங்கட்டிய பழைய சல்லடையில் போட்டு ஆட்டுங்கள். கீழே விழும் பொடியைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், பையில் கணிசமான பகுதி அதுதான். அந்தப் பொடியைக் கலவையில் விட்டால் நாளடைவில் தண்ணீரோடு இறங்கி அடியில் சேறாகப் படியும். மேலே துகள் துகளாக அழகாகத் தெரியும், செடியை எடுத்துப் பார்த்தால் அடி இரண்டு விரல் உயரத்துக்குப் பசை. சலித்த பிறகு ஒரு தடவை அலசினால் இன்னும் நல்லது.

கலந்து முடித்ததும் ஈரமாக்கி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் கல்வகை இன்னும் போட வேண்டும். தொட்டியில் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் மேலே குளம் கட்டாமல் சில நொடிகளில் அடியில் வந்துவிட வேண்டும்.

ஜன்னலோரச்செடி

அடேயப்பா, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. மிக்க நன்றி. மணலை அலசிப் பார்த்தேன், தண்ணீர் கலங்கலாகவே இருக்கிறது, மாவு மாதிரி அடியில் தங்குகிறது, அதை விட்டுவிடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டியில் கரி போட்டு வைத்தால் தண்ணீரைக் கரி உறிஞ்சிக்கொள்ளும் என்கிறார்களே, அது சரிதானா? அப்புறம், தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? செடி வளரட்டும் என்று பெரியதாகவே வாங்கிவிட்டேன்.

துளைப்பான்

கரி தண்ணீரை எங்கேயும் கொண்டுபோகாது. அது உறிஞ்சினாலும் தண்ணீர் தொட்டிக்குள்தானே இருக்கிறது. கொஞ்சம் நாற்றம் குறையலாம், வேர் அழுகுவது குறையாது. ஓட்டை இல்லாத தொட்டியில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. தண்ணீரிலும் உரத்திலும் உள்ள உப்பு வெளியேற வழியே இல்லாமல் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

துளை போடலாம். கஷ்டமே இல்லை, பொறுமை வேண்டும். டைல்ஸ், கண்ணாடிக்குப் போடும் வைரத்தூள் பூசிய பிட் வாங்கிக்கொள்ளுங்கள், 8 அல்லது 10 மி.மீ. தொட்டியைக் கவிழ்த்துப் பழைய துண்டின் மேல் வையுங்கள், துளை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. டிரில்லில் ஹேமர் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அதை மறந்தால் தொட்டி இரண்டாகிவிடும். குறைந்த வேகம், முதலில் பிட்டைச் சாய்த்துப் பிறை வடிவில் ஒரு பள்ளம், பிறகு மெல்ல நிமிர்த்துங்கள். அந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள், சூடும் ஏறாது, தூசியும் பறக்காது. தண்ணீர் டிரில் மோட்டார் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிளக்கில் செருகும் டிரில்லைவிட பேட்டரி டிரில்தான் இதற்குப் பாதுகாப்பு. அழுத்தவே வேண்டாம், டிரில்லின் எடையே போதும். கடைசி ஒரு மி.மீ.யில்தான் பலரும் அவசரப்பட்டு உடைப்பார்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள்.

துளை போட மனமில்லை என்றால் செடியை ஓட்டை உள்ள சாதாரண பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதைப் பீங்கானுக்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து ஊற்றி, முழுக்க வடிந்த பிறகு திரும்ப வையுங்கள். நான் அழகான தொட்டிகளுக்கு எல்லாம் இதைத்தான் செய்கிறேன், செடி மாற்றவும் வசதி.

வேர்க்கால்

தொட்டி அளவு: வேர்க்கட்டியைச் சுற்றி ஒரு விரல் இடம் இருந்தால் போதும். வேர் இல்லாத மண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும், அதை உறிஞ்ச ஆள் கிடையாது. பெரிய தொட்டியை ஜேடுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் இப்போது வேண்டாம், வளர்ந்த பிறகு.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. நர்சரிச் செடியை எடுத்ததும் வேரைப் பாருங்கள். நடுவில் பெரும்பாலும் ஒரு பீட் மாஸ் கட்டி இருக்கும், சில சமயம் மெல்லிய வலைப்பையோடு. அதை அப்படியே புதுக் கலவையில் நட்டால் சுற்றிலும் மண் காய்ந்துவிடும், நடுக்கட்டி மட்டும் ஈரமாகவே இருக்கும், அல்லது அது ஒரேயடியாக வறண்டுபோய்த் தண்ணீரே ஏற்காது. இரண்டுமே வம்பு. மண் காய்ந்திருக்கும்போது விரலால் உதிர்த்து எடுங்கள், வலையைக் கத்தரியுங்கள், வராத இடத்தில் ஒரு குச்சியால் நெம்புங்கள். நாலு வேர் அறுந்தால் கவலை இல்லை. மேலே பசை போட்டு ஒட்டிய கல் அடுக்கு இருந்தால் முதலில் அதைப் பெயர்த்து எறியுங்கள்.

நட்டவுடன் தண்ணீர் ஊற்றாதீர்கள். அறுந்த வேர்கள் ஆறுவதற்குச் சில நாள் முதல் ஒரு வாரம் வரை விடுங்கள். இலையில் இருக்கும் தண்ணீரே அதற்குப் போதும்.

முள்தோப்பு

தண்ணீர் பற்றி நான் சொல்கிறேன், இதிலாவது நான் ஜெயிக்கிறேனா பார்ப்போம். ஸ்பூனில் ஊற்றாதீர்கள். சக்யூலென்ட்டுக்குத் தண்ணீர் குறைவாக வேண்டும் என்பதை "ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக" என்று எடுத்துக்கொள்கிறார்கள், சரியான அர்த்தம் "எப்போதாவது, ஆனால் நிறைய". அடியில் வழியும்வரை ஊற்றுங்கள், உப்பும் கழுவிக்கொண்டு போகும். பிறகு முழுக்கக் காயும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். காய்ந்ததா என்று தெரிய, மெல்லிய மரக்குச்சியை அடி வரை குத்திக் கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள், நிறம் மாறியிருந்தால் ஈரம். பழகிவிட்டால் தொட்டியைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம், ஆனால் பெர்லைட் கலவையில் எடை வித்தியாசம் பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். வாரம் ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள், அது அவர் ஜன்னலுக்கான கணக்கு.

தட்டில் வடிந்த தண்ணீரை அப்போதே கொட்டிவிடுங்கள்.

சரளைமண்

இதில் முழு வெற்றி உங்களுக்கே.

அதோடு ஒன்று சேர்க்கிறேன். ஊற்றி முடித்ததும் தொட்டியை ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள், ஓட்டை ஓரத்தில் இருந்தால் அந்தப் பக்கம். சாய்த்ததும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வரும். ஸ்பாஞ்சை நிமிர்த்தினோமே, அதே கதைதான். சாய்க்க முடியாத கனமான தொட்டி என்றால் ஒரு பருத்தித் திரியை ஓட்டை வழியாக மண்ணுக்குள் கொஞ்சம் ஏற்றி, மீதியைக் கீழே தொங்கவிடுங்கள். அடியில் தேங்கியதைத் திரி இழுத்துச் சொட்டவிடும். தட்டில் படாமல் தொங்க வேண்டும், தட்டில் தண்ணீர் இருந்தால் திரும்ப மேலே ஏற்றிவிடும்.

புதுத்தளிர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் எச்செவேரியாவில் இலை சுருங்குகிறது. தண்ணீர் போதவில்லையா, அதிகமாகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேர்க்கால்

எந்த இலை என்று பாருங்கள். அடி இலைகள் காகிதம் மாதிரி காய்ந்து உதிர்ந்தால் அது இயல்பு, விட்டுவிடலாம். இலைகள் மெலிந்து சுருங்கி, ஆனால் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, மண்ணும் காய்ந்திருந்தால் தாகம். மஞ்சளாகி, உள்ளே விளக்கு வைத்த மாதிரி கண்ணாடியாகி, தொட்டதும் கழன்று விழுந்தால் ஈரம் அதிகம்.

குழப்பமான மூன்றாவது ஒன்று உண்டு: மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் இலை சுருங்குகிறது. தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். வேர் அழுகிப்போனதால் உறிஞ்ச வழி இல்லாமல் சுருங்குகிறது அது. உடனே எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, கெட்டியாக இருக்கும். அழுகியது பழுப்பாக, இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வரும். தண்டில் பழுப்பு ஏறியிருந்தால் சுத்தமான கத்தியால் உள்சதை முழுக்கப் பச்சையாகவோ வெளுப்பாகவோ தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள், ஒரு சிறு பழுப்பு வட்டம் கூட மிச்சம் வைக்கக் கூடாது. வெட்டிய தலையை நிழலில் சில நாள் காயவிட்டு, வெட்டு வாய் மூடிய பிறகு காய்ந்த கலவையின் மேல் உட்கார வையுங்கள். வேர் விட்டபின் தண்ணீர்.

புதுத்தளிர்

மண் ஈரமாகத்தான் இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன்.

ஜன்னலோரச்செடி

ஒரு தொட்டியில் துளை போட்டாயிற்று, உடையவில்லை! இன்னொன்றில் பிளாஸ்டிக் தொட்டியை உள்ளே இறக்கப்போகிறேன். பெர்லைட்டைச் சலித்ததில் கால்வாசி பொடியாகப் போய்விட்டது, இனி இருப்பது மூன்று தொட்டிக்கும் போதாது போலிருக்கிறது. இரண்டு தொட்டிக்கு மட்டும்தான் வரும் என்றால் எந்தச் செடியை இப்போது மாற்றுவது?

வேர்க்கால்

எச்செவேரியாவும் ஜேடும். ஹவோர்தியா நர்சரித் தொட்டியிலேயே கொஞ்ச நாள் காத்திருக்கும், அதற்குத் தண்ணீரை மட்டும் நிறுத்தி வையுங்கள். மிச்சமான பெர்லைட் பொடியை எறிய வேண்டாம், விதை போடும் தட்டுக்கு ஆகும்.